அசையவே அசையாத பூச்சி

மார்கழி 9, புதன்

உலகத்தாருக்கு அறிவிப்பது யாதெனில்: எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் குடியிருக்கும் கட்டெறும்பு ஒன்று, இன்று காலை படம் பிடித்துக்கொண்டிருந்த வேளையில், இடது முன்னங்காலைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டது. இதனால் முப்பத்துச் சொச்சம் படங்கள் ஒரே சொறியில் உயிர் துறந்தன. கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்கும். விடுமுறை கிடையாது. ஏற்கெனவே அரையாண்டு விடுமுறையில்தான் இருக்கிறோம்.

இந்த நோட்டு எனக்குத் தண்டனை. ஒன்பதாம் வகுப்பு சாக்பீஸ் பெட்டியைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்தவன் யார் என்று விசாரித்தபோது, என் சட்டைப் பையில் எண்ணெய்க் கறை இருந்தது. தமிழ் ஆசிரியர் ஆவுடையப்பன் ஐயா அடிக்கவில்லை. "அடிச்சா நாளைக்கே மறந்துருவ. லீவு முழுக்க நாட்குறிப்பு எழுது. தினமும் யாருக்காவது ஒரு நன்றி இருக்கணும்" என்றார். அடியே தேவலை.

எழுதுபவன் கோமதிநாயகம். வீட்டில் நாயகம். என்னோடு இரட்டையாகப் பிறந்தவள் உலகம்மை, சுருக்கமாக உலகு. என்னைவிடச் சில நிமிஷம் முந்திப் பிறந்தாள். அந்தச் சில நிமிஷத்துக்கு இன்னும் வாடகை வசூலிக்கிறாள்.

எறும்பைப் படம் எடுத்தது அவள்தான். எறும்பை அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் மூக்கு தெளிவாக இருக்கும்போது கண் மங்கும்; கண் தெளிந்தால் கால் மங்கும். அதனால் லென்ஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, முன்னாலிருந்து பின்னால் வரை முப்பது நாற்பது படம் எடுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் போட்டால், அது ஒவ்வொரு படத்திலும் தெளிவான இடத்தை மட்டும் பொறுக்கி, எல்லாவற்றையும் அடுக்கி ஒரே படமாக்கித் தரும். மூக்கு முதல் முதுகு வரை பளிச்சென்று இருக்கும். ஒரே நிபந்தனை, நடுவில் பூச்சி அசையக் கூடாது. அசைந்தால் அடுக்கு குழம்பிவிடும். இன்றைய படத்தில் எறும்புக்கு இடப்பக்கம் மட்டும் ஐந்து கால்.

"இது அடுக்குமாட்டி?" என்று கேட்டேன். உலகு சிரிக்கவில்லை.

நன்றி: எறும்புக்கு. பூமியில் என்னைவிட அடங்காத ஜீவன் ஒன்று உண்டு என்று நிரூபித்ததற்காக.

மார்கழி 10, வியாழன்

கேமரா எங்களுடையது அல்ல. மந்திரம் அத்தானுடையது. அத்தான் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். தாலியையும் மோதிரத்தையும் பெரிதாகக் காட்டுவதற்கென்றே கிட்டத்தில் பார்க்கும் லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறார். வருஷம் முழுக்க அது தங்கத்தைத் தவிர எதையும் பார்க்காது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாதே, அதனால் கேமராவும் அத்தானும் சேர்ந்து தூங்குவார்கள். உலகு கார்த்திகையிலிருந்தே அத்தானிடம் கேட்டு வைத்துவிட்டாள்.

"போகிக்கு மறுபேச்சில்லாம திரும்பி வந்துரணும். தை பொறந்தா எனக்குப் பொழப்பு" என்று கொடுத்தார். என்னைப் பார்த்து, "இவன் கிட்ட வராம பாத்துக்கோ" என்றார். ஆளைச் சரியாக எடைபோடும் தொழில்.

பூச்சியைப் படம் பிடிக்கவும் மார்கழிதான் முகூர்த்தம். விடியக்காலைப் பனியில் அவை விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். வெயில் முதுகைத் தொட்டதும் கிளம்பிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். அம்மா வாசலில் கோலம் போடும்போதே நாங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள வயல் வரப்புக்குப் போய்விடுகிறோம். என் வேலை ஸ்டாண்டைப் பிடிப்பது, விளக்கைப் பிடிப்பது, வாயைப் பிடித்துக்கொள்வது. மூன்றாவதுதான் கனம்.

மார்கழி 12, சனி

கொட்டாவி விட்டேன். சிலந்தி ஓடிவிட்டது. நன்றி சொல்ல ஆள் இல்லை.

மார்கழி 14, திங்கள்

எதற்காக இந்தப் பாடு என்று எழுத மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்து இயற்கை மன்றம் ஒன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படப் போட்டி வைத்திருக்கிறது. ஒரு படம், இரண்டு பேர். தேர்வானால் அந்த இரண்டு பேரையும் மலைமேல் காட்டு பங்களாவில் மூன்று நாள் முகாமுக்குக் கூட்டிப்போவார்கள். எனக்குப் புளியோதரை கிடைத்தால் போதும். உலகுக்கு அப்படி இல்லை. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரியும். அவள் சின்ன வயதிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மா அவளைப் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குக்கூடத் தனியாக அனுப்பமாட்டாள். இந்த முகாமுக்கு மட்டும் எப்படியோ சரியென்று சொல்லியிருக்கிறாள். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, பேச்சுக்கே இடமில்லை.

இன்று ஒரு கும்பிடுபூச்சி கிடைத்தது. நெல் தோகையில், முகமெல்லாம் பனித்துளியோடு, கும்பிட்டபடி. உலகு ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டே போனாள். அப்படி ஒரு பூச்சி இதுவரை அமைந்ததில்லை. எனக்கோ கால் மரத்துவிட்டது. கையில் ஈரமான புல் ஒன்று இருந்தது. அவள் பின்கழுத்து எதிரே இருந்தது. "ஏட்டி, அட்டை" என்றேன், புல்லை வைத்தேன்.

அவள் துள்ளினாள். ஸ்டாண்டு சாய்ந்தது. நான் கேமராவைப் பிடித்துவிட்டேன். இதைக் கவனிக்கவும், கேமராவைப் பிடித்தது நான். கும்பிடுபூச்சியைப் பிடிக்க யாராலும் முடியவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் லென்ஸ் மூடியைப் போட்டு, பையில் வைத்து, ஜிப்பை இழுத்தாள்.

"உனக்கு எல்லாமே ஒரு நிமிஷ வெளையாட்டுல" என்றாள். அவ்வளவுதான்.

நன்றி: எழுதத் தோன்றவில்லை ஐயா.

மார்கழி 15, செவ்வாய்

உலகு என்னோடு பேசவில்லை. இந்த வாக்கியத்தை எந்தப் பொருளில் எடுத்தாலும் சரிதான்.

மார்கழி 16, புதன்

இன்றும் இல்லை. எனக்கொன்றும் கவலையில்லை. அவள் சைக்கிளுக்குக் காற்றடித்தேன், பொழுது போகாததால். அவள் பாவாடை கொடியிலிருந்து விழுந்து கிடந்தது, எடுத்து மடித்தேன், காலில் தட்டியதால். தேன்மிட்டாய் வாங்கி அவள் தலையணைக்கடியில் வைத்தேன், எனக்குப் பிடிக்காததால். எறும்பு வந்துவிட்டது. அதே எறும்பாக இருக்கும்.

மார்கழி 18, வெள்ளி

உலகுக்குக் காய்ச்சல். முகத்தில் இரண்டு முத்து. அம்மா பார்த்ததும் சத்தமில்லாமல் போய் வேப்பங்குலை ஒடித்து வந்து வாசலில் செருகினாள். அம்மை.

எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே போட்டுவிட்டது. அப்போது இவளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்து, வெளியே விடாதீர்கள் என்றார். அம்மா அதற்கு மேலே சட்டங்கள் சேர்த்தாள். வீட்டில் தாளிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. யாரையும் திட்டக் கூடாது. கடைசிச் சட்டம் எனக்கு நல்லது.

படம் போய்ச்சேர வேண்டிய நாள் மார்கழி இருபத்தேழு. அதற்குள் அவள் வெளியே வர முடியாது.

மார்கழி 19, சனி

அவள் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று இருமினேன். மறுபடி இருமினேன்.

"ஒனக்கும் காய்ச்சலால?" உள்ளேயிருந்து குரல். ஐந்து நாளில் முதல் வார்த்தை.

"இல்லட்டி. நான் எடுக்கேன் படத்த."

"நீயா."

"நாந்தான்."

வேப்பிலை சரசரத்தது. "கேமராவத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வளையத்தத் திருப்பும்போது மூச்சு விடாத. பஸ் போனா நிறுத்து. காத்தடிச்சா நிறுத்து. ஒனக்கு ஏதாவது செய்யணும்னு தோணுச்சுன்னா, அப்பவும் நிறுத்து" என்றாள்.

நன்றி: அந்த "நீயா"வுக்கு. 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இதை எழுதும்போது கண்ணில் வேப்பிலை பட்டுவிட்டது.

மார்கழி 21, திங்கள்

பள்ளி திறந்தது. ஐயா நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "போதும், தண்டனை முடிஞ்சுது" என்று திருப்பிக் கொடுத்தார். பின்னே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கை பழகிவிட்டது. நாயுருவி முள் போல ஒரு தடவை ஒட்டினால் விடாது.

மார்கழி 22, செவ்வாய்

ஸ்டாண்டின் ஒரு கால் சேற்றில் இறங்கிக்கொண்டே போகிறது. படமும் கூடவே இறங்குகிறது. அடுக்கிப் பார்த்தால் வெட்டுக்கிளி படிக்கட்டாகிவிட்டது.

மார்கழி 23, புதன்

மூளையைப் பயன்படுத்தினேன். ஸ்டாண்டு வேண்டாம். என் பள்ளிக்கூடச் சாக்ஸில் அரிசியை நிரப்பி முடிச்சுப் போட்டு, வரப்பில் வைத்து, அதன்மேல் கேமராவை அமுக்கினேன். குழந்தையை மடியில் வைத்ததுபோல உட்கார்ந்துகொண்டது. அசையவில்லை. கண்டுபிடிப்பு என்றால் இது.

அம்மா அரிசிப் பானையையும் ஈரச் சாக்ஸையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டாள். சத்தம் போடக் கூடாத வீடு. அதனால் காதுக்குள் வந்து, "சவத்த மூதி, திங்குத அரிசியக் காலுறைக்குள்ளயா போடுவ" என்று கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பாகத் திட்டு வாங்குவது கூச்சமாக இருக்கிறது. பிறகு பழைய தலையணை உறையைத் தைத்து, அதில் குருணையை நிரப்பி அவளே கொடுத்தாள்.

நன்றி: அம்மாவுக்கு. கோபத்திலும் தையல் நேராக இருந்தது.

மார்கழி 24, வியாழன்

தினமும் போய்விட்டு வந்து ஜன்னலில் அறிக்கை வாசிக்கிறேன். இன்று சிலந்தி, பாதியில் காற்று. நேற்று அந்துப்பூச்சி, பாதியில் என் தும்மல். உலகு உள்ளிருந்து 'ம்' கொட்டுகிறாள். முகத்தைக் காட்டவில்லை. "காட்டில அட்டை இருக்குமாம்ல, நெசம்மாவே" என்றாள் இன்று. போகமாட்டோம் என்று தெரிந்தவள் பேசுகிற குரல் அது. நான் ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு லென்ஸைத் துடைக்கப் போனேன்.

மார்கழி 26, சனி

வரலாறு இன்று எழுதப்பட்டது. எழுதியவன் நான்.

விடியுமுன்பே போனேன். நாளைக்குப் படம் போக வேண்டும், இதுவே கடைசிக் காலை. கால்வாயிலிருந்து தண்ணீர் பாயும் மடைப்பக்கம் ஒரு நெல் தட்டையில், ஆறு காலாலும் கட்டிப்பிடித்தபடி, ஒரு ராட்சசன். பழுப்பு நிறம். பெரிய கண். கூனல் முதுகு. இதுவரை நான் பார்த்தே இராத பூச்சி. முதுகில் நீளமாகப் பிளந்த ஒரு காயம், அதிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய சண்டையில் ஜெயித்து வந்த வீரனாக இருக்க வேண்டும். வலியைக் காட்டிக்கொள்ளவே இல்லை.

அதற்கு மேலே அதே தட்டையில் ஒரு வெளுத்துப்போன தட்டான் தொங்கிக்கொண்டு, குறுக்கே இறக்கையை நீட்டி மறைத்தது. சோணியான தட்டான், நிறமே இல்லை. ஊதினேன். போகவில்லை. இன்னும் பலமாக ஊதினேன். தள்ளாடிக்கொண்டே பறந்து போனது. தொந்தரவு ஒழிந்தது.

குருணைப் பையில் கேமராவை அமுக்கினேன். வளையத்தை மயிரிழை திருப்பு, மூச்சை நிறுத்து, எடு. திருப்பு, நிறுத்து, எடு. ராட்சசன் அசையவில்லை. கோயில் ஒலிபெருக்கி அலறியது, அசையவில்லை. பஸ் போனது, நிறுத்தினேன், அவன் அசையவில்லை. வெயில் முதுகில் விழுந்தது. மற்றப் பூச்சிகளெல்லாம் கிளம்பிவிட்டன, அவன் மட்டும் எனக்காக இருந்தான். நான் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தேன், அதுதான் ரகசியம் என்று நினைக்கிறேன். என்ன பேசினேன் என்பது எனக்கும் அவனுக்கும் இடையில். பூச்சிகளை வசியம் செய்யும் சக்தி சிலருக்குப் பிறவியிலேயே உண்டு போலும்.

ஐம்பதுக்கு மேலே படம் எடுத்தேன். ஒன்றில்கூட ஒரு மீசை நகரவில்லை. முடித்ததும் அவனுக்குக் கைகூப்பி நன்றி சொன்னேன், வாய்விட்டு. இந்த நோட்டுக்காக அல்ல.

மத்தியானம் அத்தான் ஸ்டுடியோக் கம்ப்யூட்டரில் அடுக்கினோம். அத்தான் பார்த்துவிட்டு, "எப்பா, ஒவ்வொரு முள்ளும் தெரியுதேல. மாப்பிள்ளைகூட இவ்வளவு நேரம் அசையாம நிக்கமாட்டான்" என்றார். படத்தைச் செல்போனில் ஏற்றி ஓடிவந்து ஜன்னல் கம்பி வழியே நீட்டினேன்.

உலகு வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். முதுகுக் காயத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் காய்ந்த கொப்புளம். அதை மறைக்க மறந்துவிட்டாள்.

"இது அசையவே இல்லயால?"

"இம்மி அசையலட்டி. நான் பேசிப் பேசி நிறுத்தி வச்சேன்."

"இதுக்கு மேல வேற ஏதாவது ஒக்காந்திருந்துச்சா?"

"ஒரு சோணித் தட்டான். ஊதி வெரட்டிட்டேன்."

அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. படம் அவளை அந்த அளவுக்கு உருக்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து, "பேச வைக்காதல, வலிக்கு" என்றாள். பிறகு, "படம் ரொம்ப நல்லாருக்குல. நெசம்மா. தலைப்ப நான் எழுதி அனுப்புதேன்" என்றாள்.

நன்றி: ராட்சசனுக்கு. எங்கிருந்தாலும் காயம் ஆற வேண்டும்.

மார்கழி 28, திங்கள்

உலகுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் வெயிலில் காய்ந்த தண்ணீர். பொருக்குகள் உதிர்ந்து, அடியில் தோல் இளம் சிவப்பாக, புதிதாக இருந்தது. வெளியே வந்து வெயிலில் கண்ணைச் சுருக்கினாள். அம்மா பல நாள் கழித்துக் கடுகு தாளித்தாள். அந்தச் சத்தத்துக்கு நானும் அவளும் ஒரே நேரத்தில் அடுக்களையைத் திரும்பிப் பார்த்தோம்.

மார்கழி 30, புதன்

போகி. கேமரா திரும்பிப் போனது. பைக்குள்ளிருந்து இரண்டு குருணையை எடுத்து உள்ளங்கையில் வைத்து அத்தான் என்னைப் பார்த்தார். "அட்சதை அத்தான், தைக்கு முன்கூட்டியே" என்றேன். ஒரு குட்டு கிடைத்தது. அடுத்த மார்கழிக்கும் கேமரா உண்டு என்ற சேதியும் கிடைத்தது.

தை 6, செவ்வாய்

படம் தேர்வாகிவிட்டது. முகாமுக்கு நாங்கள் இருவரும். அம்மா அதற்குள் இரண்டு பொட்டலம் மிளகாய்ப்பொடி இட்லி கட்டுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். உலகு மாடிக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் உடைந்துவிடும் போலிருந்ததால் நான் கூப்பிடவில்லை. நான் கூப்பிடாமல் இருந்ததை யாராவது குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் மூன்று பாடவேளை நான்தான் பேசினேன். பூச்சி வசியம் பற்றி. கண்ணை எங்கே நிலைநிறுத்த வேண்டும், குரலை எவ்வளவு தாழ்த்த வேண்டும், காயம்பட்ட பூச்சியிடம் எப்படிப் பேச வேண்டும். தேர்வான படங்களை ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மாட்டப்போகிறார்கள். அந்தக் கண்காட்சிக்கு வகுப்பே வருகிறது. ஐயாவும் வருகிறார். உலகு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். இடையிடையே, "அதையும் சொல்லுல, தட்டான வெரட்டுனத" என்று எடுத்துக்கொடுத்தாள். நல்ல அக்கா.

தை 11, ஞாயிறு

ஐயா அவர்களுக்கு. நீங்கள் நேரிலேயே பார்த்துவிட்டீர்கள், என்றாலும் என் கையால் எழுதிவிடுகிறேன்.

படம் மண்டபத்துச் சுவரில் பெரிதாக இருந்தது. வகுப்பை வரிசையில் நிறுத்தி, நான் முன்னால் நின்று, கையை நீட்டி, "இவன்தான்" என்று ஆரம்பித்தேன். யாரும் படத்தைப் பார்க்கவில்லை. கீழே இருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். உலகின் கையெழுத்து. 'கழற்றிய சட்டை. தண்ணீருக்குள் வளர்ந்த தட்டான் குஞ்சு, இரவில் நெல் தட்டையில் ஏறி, முதுகுவழியே தோலைப் பிளந்து, இறக்கையோடு வெளியேறியபின் விட்டுப்போனது. உள்ளே யாரும் இல்லை. படம்: கோமதிநாயகம், உலகம்மை.'

மன்றத்திலிருந்து வந்த பூச்சி ஆராய்ச்சி அம்மா ஒருவர் என் தோளில் கை வைத்து, "அந்த வெள்ளை நூலு இருக்கு பாருங்க தம்பி, அது சுவாசக் குழலோட உள்தோல். கழறும்போது கூடவே உருவிக்கிட்டு வரும். இத்தனை தெளிவா நான் படத்தில பாத்ததில்ல. ரொம்பப் பொறுமை உங்களுக்கு" என்றார். என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. வகுப்பு சிரித்த சிரிப்பில் அது பாதிதான் கேட்டது.

உலகை வெளியே இழுத்து வந்து கேட்டேன். "எப்பட்டி தெரியும் ஒனக்கு?"

"பாத்ததுமே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா வெக்கப்பட்டு அனுப்பாம இருந்திருப்ப. நல்ல படம்ல அது. படத்தில ஒரு பொய்யும் இல்ல, நீ சொன்ன கதைதான் பொய்." கொஞ்சம் நடந்தாள். "அப்புறம், எங்கழுத்தில புல்ல வச்சேல்லா. அது ஒரு நிமிஷ வெளையாட்டு. இது ரெண்டு வாரம்."

ஐயா, சாக்பீஸ் எண்ணெயெல்லாம் ஒரு குறும்பா. இவளிடம் நான் பாடம் கேட்க வேண்டும்.

சைக்கிளில் திரும்பும்போது அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாமல் பேச வசதியாக இருந்தது. "ஏட்டி, அந்தக் கும்பிடுபூச்சி விஷயத்தில நான் செஞ்சது தப்பு" என்றேன். சரளமாக வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

"முன்னாலயே சொல்லிப் பாத்து வச்சிருந்தியால?" என்றாள்.

அவளிடம் 'இல்லை' என்றேன். இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன். பூச்சி வசியம் என்று எதுவும் எனக்குத் தெரியாது. அன்று காலை வரப்பில் வயிறு ஒட்டக் கிடந்து, அந்த ராட்சசனிடம் நான் மெல்லப் பேசியதெல்லாம் இந்த ஒரு வாக்கியம்தான், திரும்பத் திரும்ப. குறுக்கிடாமல், கோபிக்காமல், அசையாமல் அவ்வளவு நேரம் கேட்டதற்காகத்தான் கைகூப்பினேன். கேட்கிறதற்கு உள்ளே ஆளே இல்லை. ஆள் மேலே தொங்கிக்கொண்டிருந்தான், இறக்கை காயக் காத்துக்கொண்டு. அவனைத்தான் நான் ஊதி விரட்டினேன்.